வெள்ளீயமா, காரீயமா?



வெள்ளிக்கிழமைதோறும் நாம் ஓதும் சூரத்துல் கஹ்ஃபில், துல்கர்னைன் இரும்புப் பாளங்களை அடுக்கி, நெருப்பூதி, உருக்கிய செம்பை ஊற்றி அரண் எழுப்பிய வரலாறு வருகின்றது. சென்ற மாதம் பென்னாகரத்தில் நண்பர் ஒருவரின் இல்லத்தில் அது நினைவுக்கு வந்தது. வெந்நீர்க் கலனின் செம்புக் குழாய் இணைப்பில் கசிந்துகொண்டிருந்தது. நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய்களே. செம்பில் பழகிய கை கிடைப்பது அரிது. வளைகுடாவில் குழாய்ப் பணி செய்து திரும்பிய சகோதரர் ஒருவர் முன்வந்தார். வானொலி பழுதுபார்க்கும் கடையிலிருந்து வாங்கி வந்த சால்டர் கம்பியைக் கண்டதும், "இது காரீயம் கலந்தது பாய், குடிக்கிற தண்ணீருக்கு ஆகாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஈயம் என்று ஒரே சொல்லால் நாம் இரண்டையும் அழைப்பதே இங்குள்ள ஆபத்து. வெள்ளீயம் தீங்கற்றது, காரீயம் நஞ்சு. வானொலிப் பணிக்கான கம்பியில் பெரும்பாலும் 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு காரீயமும் இருக்கும். எளிதில் உருகும் என்பதே அதன் சிறப்பு. குடிநீர்க் குழாய்களில் காரீயப் பற்றவைப்பை அமெரிக்கா 1986-இலேயே தடை செய்தது. நம் நாட்டுத் தரநிர்ணயப்படி ஒரு லிட்டர் குடிநீரில் காரீயம் 0.01 மில்லிகிராமைத் தாண்டலாகாது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தாக்குகின்றது. நீரைக் கொதிக்க வைத்தாலும் அகலாது. வெந்நீரிலோ கூடுதலாகக் கரையும். குழந்தைக்குப் பால் கரைக்க வெந்நீர்க் குழாயைத் திறக்கும் தாய்மார்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நிலத்தடி நீரின் ஃபுளோரைடு பற்களையும் எலும்புகளையும் என்ன செய்தது என்பதை, 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும்வரை கண்ணாரக் கண்டவர்கள் நாம். கண்ணுக்குத் தெரியாதது இல்லை என்று ஆகிவிடாது.

காரீயமற்ற கம்பி தருமபுரியிலிருந்து வந்த பிறகே பணி தொடங்கியது. முதலில் குழாயிலிருந்த நீர் முழுவதும் வடிக்கப்பட்டது. சிறிது நீர் தங்கினாலும் சூடு ஏறாது. பின்னர் குழாயின் வெளிப்புறத்தையும் இணைப்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்தார். அதன்மேல் பிளக்ஸ் எனும் பசை. நகப்பூச்சு இருந்தால் உளூவின் நீர் நகத்தைத் தொடாதல்லவா? அதுபோலவே களிம்பு படிந்த செம்பில் ஈயம் ஒட்டாது. சூட்டில் புதிதாகக் களிம்பு ஏறாமல் காப்பது பிளக்ஸ். அதை மெல்லியதாகப் பூச வேண்டும். அப்பினால் குழாய்க்குள் வழிந்து, நாளடைவில் செம்பையே அரிக்கும். சுடரைக் கம்பியின்மீது காட்டாமல் இணைப்பின்மீது காட்டினார். செம்பு சூடானதும் மறுபுறம் தொட்ட கம்பி தானே உருகி இடுக்கினுள் இழுபட்டது. ஆறும்வரை யாரையும் அசைக்க விடவில்லை. ஈரத்துணியால் துடைத்து, நெடுநேரம் நீரைத் திறந்துவிட்டு உட்புறத்தைக் கழுவிய பின்னரே அடுப்படிக்கு அனுமதித்தார்.

அப்போது நண்பரின் துணைவியார் கேட்டார்: "எங்கள் தேக்சாவுக்குக் கலாய் பூசுகிறார்களே, அது எந்த ஈயம்?" நல்ல கேள்வி! கலாய்க்கு உரியது வெள்ளீயமே. அங்கே பிளக்ஸின் வேலையைச் செய்வது நவச்சாரம். விலை குறைவென்று காரீயம் கலப்பதும் உண்டு. பூசுபவரிடம் கட்டியை வாங்கி வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கருங்கோடு விழுந்தால் அது காரீயம். கலப்பு சிறிதாயின் இச்சோதனை காட்டிக்கொடுக்காது. ஆகவே ஈயத்தை நம்பகமான கடையில் நாமே வாங்கிக் கொடுப்பது மேல். தொட்ட கையைக் கழுவிவிட்டு உண்ணுங்கள்.