வாழைப்பூவை ஒடித்துவிட்டு மரத்தை ஏற்றுங்கள்



நாங்கள் விஞ்ஞானிகள் அல்லர். காப்பார், மேரு, பந்திங் பக்கம் வீட்டுக் கொல்லையில் பத்து இருபது வாழை வைத்திருப்பவர்கள். பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளுக்கும் கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்கும் இலை அறுத்துக் கொடுப்பவர்களும் எங்களில் உண்டு.

எங்களில் ஒருவர் கொல்லையில் பெராங்ஙான் தார் ஒன்று வெளியே பச்சை மாறாமல் கொழுகொழுவென்று தொங்கியது. ஒரு காயை அரிந்து பார்த்தால், உள்ளே துருப்பிடித்த தகரம்போலச் சிவந்து காய்ந்து கிடந்தது. மரத்தை வெட்டினோம். வெட்டுவாயில் செந்நிறத் துளிகள் முத்துமுத்தாகக் கசிந்தன. அந்தக் கட்டையும் அதன் கன்றுகளும் ஒவ்வொன்றாய்ப் போயின. வாழையின் ரத்த நோய் என்று இதற்குப் பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் சுலாவேசிப் பக்கம் கண்டறியப்பட்ட பாக்டீரியா இது. டச்சுக்காரர் காலத்தில் அங்கிருந்து வாழையை வெளியே கொண்டுபோகத் தடை இருந்தது. 1987இல் மேற்கு ஜாவாவில் தென்பட்டது. பிறகு நம் தீபகற்பத்துக்கும் வந்துவிட்டது. மனிதரை இது ஒன்றும் செய்யாது. வாழையிலையில் சாப்பிட யாரும் தயங்க வேண்டாம்.

இந்தக் கிருமிக்கு வேண்டியது சர்க்கரை. இலை வெயிலில் சமைக்கும் சர்க்கரை காய்க்கும் கிழங்குக்கும் போகிறது. கிருமி குடியேறுவதோ வேரிலிருந்து தண்ணீர் ஏறும் குழாயில். அங்கே ஓடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான், சர்க்கரை சொற்பம். அந்தப் பட்டினிக் குழாயில் அது எப்படிக் கோடிக்கணக்கில் பெருகுகிறது? இதன் நெருங்கிய உறவான தக்காளி வாடல் கிருமியை ஆராய்ந்தவர்கள் 2012இல் ஒன்றைக் காட்டினார்கள். சுக்ரோசை உள்ளிழுக்கும் திறனைப் பறித்துவிட்டால் அந்தக் கிருமியின் கொட்டம் குறைந்துவிடுகிறது.

நெல்லில் இந்தச் சங்கதி இன்னும் தெளிவு. நெல் இலைக்கருகல் நோயின் கிருமி தன் புரதத்தைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. சர்க்கரையை வெளியேவிடும் கதவைச் செடியே திறந்துவிடுகிறது. 2010இல் இது வெளியானபோது பலரும் வியந்தார்கள். திருடன் சுவர் ஏறவில்லை. வீட்டுக்காரி கையாலேயே சோற்றுப்பானையை வாசலில் வைக்கச் செய்கிறான். அந்தக் கதவின் பூட்டைத் திருத்திய நெல்லை 2019இல் உருவாக்கிக் காட்டினார்கள். வாழைக் கொல்லைக்காரனுக்கு அப்படியொரு கன்று இன்னும் கைக்கு வரவில்லை.

வயிறு நிறைந்த கிருமி பசைபோல ஒன்றைச் சுரந்து குழாயை அடைக்கிறது. ஈர மண்ணில் நிற்கும் மரம் தாகத்தில் வாடுகிறது. இந்த நிலைக்கு வந்த மரத்தைக் காப்பாற்ற மருந்து கிடையாது.

ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்கு அது போகும் வழியிலும் சர்க்கரைதான் இருக்கிறது. வாழைப்பூவின் தேனுக்குத் தேனீயும் ஈயும் வருகின்றன. மடல் உதிர்ந்த தழும்பு ஈரமாக இருக்கும்போது, அவற்றின் காலில் ஒட்டிய கிருமி அந்த வழியாக உள்ளே நுழைகிறது. அடுத்த வாகனம் நம் கையிலிருக்கும் பாராங். நோயுள்ள மரத்தை வெட்டிய அதே பாராங்கால் பக்கத்து வீட்டுக்காரர் இலை அறுத்தால் போதும். மூன்றாவது, அன்பாய்க் கொடுக்கும் கன்று. "நல்ல சாதி அக்கா, கொண்டுபோய் நடுங்க" என்று காரில் ஏற்றிவிடுகிறோமே, அது.

இப்போது நம் பழக்கத்தை எண்ணிப் பாருங்கள். கல்யாண மண்டபத்து வாசலில் குலையும் பூவுமாக இரண்டு மரம். கோயில் திருவிழாவுக்கும் பொங்கலுக்கும் அப்படியே. எங்கோ ஒரு தோட்டத்தில் வெட்டிய மரம் லோரியில் பல மைல் வந்து, ஈக்கள் மொய்க்கும் பூவோடு இரண்டு நாள் நிற்கிறது. பிறகு பின்சந்துச் சாக்கடை ஓரம் வீசப்படுகிறது. அந்தச் சந்தில் யாராவது நாலு வாழை வைத்திருப்பார்கள். இந்தக் கிருமிக்குச் சொகுசுப் பயணம் ஏற்பாடு செய்ய வேண்டுமென்றால், இதைவிட நன்றாகச் செய்ய முடியாது!

ஆகவே கொல்லையில் வாழை வைத்திருப்போரைக் கேட்டுக்கொள்கிறோம்: கடைசிச் சீப்பு வந்ததும் பூவை ஒடித்துவிடுங்கள். கத்தி வேண்டாம், கவைக்கம்பால் முறுக்கினால் போதும். வேறொரு பாக்டீரியா வாடல் நோய் 2001இல் உகாண்டாவின் வாழைத் தோட்டங்களில் பரவியபோது, அங்கே விவசாயிகளுக்குச் சொல்லித்தந்த முறை இது. செலவில்லாதது என்பதால்தானோ என்னவோ, நம்மில் பலர் இதை மதிப்பதில்லை. ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் பாராங்கைக் குளோரோக்ஸ் கலந்த நீரில் முக்குங்கள், அல்லது நெருப்பில் வாட்டுங்கள். நோய் கண்ட கட்டையின் கன்றை யாருக்கும் கொடுக்காதீர்கள், அந்தக் குழியில் ஒரு வருடமாவது வாழை வைக்காதீர்கள். காய் உள்ளே சிவந்திருந்தால் வெட்டி இழுத்துப் போடாமல், முதலில் விவசாய இலாகாவுக்குச் சொல்லுங்கள்.

இலை அறுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. ஒரே காலையில் ஏழெட்டுக் கொல்லைக்குள் நுழைவது நீங்கள்தான். எங்களிலும் அப்படிச் செய்பவர்கள் உண்டு, கத்தியைக் கழுவாமல் போனவர்களும் உண்டு.

மணவறை அலங்காரம் செய்யும் தம்பிமார், மரத்தை வெட்டிய இடத்திலேயே பூவை ஒடித்துவிட்டு லோரியில் ஏற்றுங்கள். நிகழ்ச்சி முடிந்ததும் மரத்தைச் சந்தில் வீசாமல் கறுப்புப் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

பூ இல்லாத மரம் வாசலுக்கு ஆகுமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். குலை இருந்தால் போதும் என்று கோயில் குருக்கள்மார் ஒரு வார்த்தை சொன்னால், நாங்கள் நூறு முறை சொல்வதைவிட அது எடுபடும். வருகிற தை மாதத்துக்கு மரம் சொல்லிவைக்கும் முன்பே அந்த வார்த்தையைச் சொல்லிவிடும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கிள்ளான் வட்டார வாழைக் கொல்லைக்காரர்கள்