எல்க் வேட்டைக்கு மேக்னம் எதுக்கு சாமி?

முதல்லயே சொல்லிடறேன். இது துப்பாக்கி விளம்பரப் பதிவு இல்ல, கொல்லாமைப் பதிவும் இல்ல. முதல் தடவையா எல்க் வேட்டைக்குப் போற நம்மாளுங்க அமெரிக்காவுல உட்கார்ந்துகிட்டு ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கற ஆலோசனை இருக்கே... அதைப் படிச்சு வந்த வயித்தெரிச்சல்.

என் சித்தி பையன் கொலராடோவுல பல வருஷமா இருக்கான். கூட வேலை செய்யறவர் ஒருத்தர் எல்க் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கார். என்ன ரைஃபிள், என்ன ஸ்கோப் வாங்கலாம்னு இவன் நம்ம ஊர் நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவுல கேட்டு, வந்த பதில்களை மொத்தமா எனக்கு அனுப்பி, "நீ என்னண்ணா சொல்ற?"ன்னு கேட்டான். பதில்களோட சாரம் இது: ".300 வின்செஸ்டர் மேக்னத்துக்குக் கீழ யோசிக்காத. முடிஞ்சா .338. மேல 6-24x56 ஸ்கோப். 600 கஜத்துலேர்ந்தே போட்டுடலாம். எல்க் குண்டு தாங்கற மிருகம்."

பெரிய முதலியார்சாவடியில ஈ.சி.ஆர். ஓரமா உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்க் பத்தி என்ன பேச்சுன்னு நீங்க சிரிக்கலாம். சிரிங்க. நான் எல்க் சுட்டதில்ல, சுடப்போறதும் இல்ல. என்.சி.சி.யில .22 ரைஃபிளைத் தொட்டதுலேர்ந்து பிடிச்ச கிறுக்கு, இன்னும் இறங்கல. அதோட குண்டு பறக்கற கணக்கு முதலியார்சாவடிக்கும் கொலராடோவுக்கும் ஒண்ணுதான் :-)

சரி, மிருகத்துலேர்ந்து ஆரம்பிப்போம். 'எல்க்' நமக்கு ரொம்ப அந்நியமான பேரு இல்ல. இலங்கையில வெள்ளைக்காரத் துரைங்க கடமானைத்தான் எல்க்னு கூப்பிட்டாங்க. ஈழத்தமிழர் மரைன்னு சொல்றது அதைத்தான். 1840களின் கடைசியில நுவரெலியாவுல குடியேறின சாமுவேல் பேக்கர் பக்கம் பக்கமா எழுதின எல்க் வேட்டை எல்லாம் கடமான் வேட்டைதான். நாயை விட்டுத் துரத்தி, கத்தியால முடிச்ச வேட்டை. அமெரிக்க எல்க் வேற மிருகம், ஆனா ஆண் எல்க்கும் 300 கிலோவைச் சாதாரணமா தொடும். பெரிய உடம்புதான். ஆனா அதுக்கும் நுரையீரல், இதயம் முன்னங்காலுக்குப் பின்னாடிதான். நம்ம சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு இடம். அங்க நல்ல குண்டு போனா சீக்கிரம் விழும். போகலைன்னா .338 என்ன, பீரங்கியே வெச்சிருந்தாலும் வயித்துல துளையோட ரெண்டு மலை தாண்டிப் போய், ராத்திரி முழுக்கக் கிடந்து சாகும். 'குண்டு தாங்கற மிருகம்'னு பேர் வர்றதுல பாதி, தப்பான இடத்துல சுட்டவன் சொல்ற சமாதானம்.

மீதி பாதி, குண்டோட குத்தம். 1946ல ஜான் நோஸ்லர்ங்கறவர் கனடாவுல மூஸ் வேட்டைக்குப் போனார். கையில .300 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் மேக்னம். சேறு படிஞ்ச தோல்ல பட்டதும் குண்டு மேலோட்டமாவே சிதறிடுச்சு, உள்ள போகல. மனுஷன் அதைவிடப் பெரிய துப்பாக்கி தேடல. நடுவுல தடுப்பு வெச்சு, முன்பாதி மலர்ந்தாலும் பின்பாதி முழுசா உள்ள போற மாதிரி குண்டையே மாத்தினார். 1948ல விற்பனைக்கு வந்த 'பார்ட்டிஷன்' குண்டு அதுதான். மேக்னம் வெச்சிருந்தவருக்கே பாடம் குண்டுலதான் கிடைச்சுது. நம்ம குழுவுல அத்தனை பேர் பேசினாங்க, குண்டைப் பத்தி ஒருத்தர் வாய் திறக்கல!

இப்ப கணக்கு. .30-06, 180 கிரெய்ன் குண்டு, 200 கஜத்துக்கு ஜீரோ பண்ணி வெச்சா 300 கஜத்துல ஏறக்குறைய எட்டரை அங்குலம் கீழ விழும். அதே எடைக் குண்டு .300 வின்செஸ்டர் மேக்னத்துல ஏழு அங்குலம். வித்தியாசம் ரெண்டு அங்குலம் கூட இல்ல! இந்த ரெண்டு அங்குலத்துக்கு நீங்க குடுக்கற விலை, ஒரே எடைத் துப்பாக்கியில மூணுல ஒரு பங்கு அதிகமான உதை.

உதைன்னா தோள்பட்டை வலின்னு நினைக்கறாங்க. வலி பெரிசில்ல, பயம்தான் பெரிசு. பத்து தடவை உதை வாங்கின உடம்பு, பதினோராவது தடவை டிரிக்கரை இழுக்கறதுக்கு முன்னாடியே கண்ணை மூடி, தோளைச் சுருக்கி, குழலை ஆட்டிடும். இழுக்கறவனுக்கே தெரியாது. தெரிஞ்சுக்கணுமா? நண்பனை விட்டு, உங்களுக்குத் தெரியாம நடுவுல ஒரு டம்மி தோட்டாவைச் சொருகச் சொல்லுங்க. வெடிக்காத தோட்டாவுக்குக் குழல் துள்ளுச்சுன்னா, அந்தத் துப்பாக்கி உங்களுக்கானது இல்ல. மேக்னம் வாங்கறவங்கள்ல பலர் உதைக்குப் பயந்து ஒரு டப்பா தோட்டாவோட பயிற்சியை முடிச்சுக்கறாங்க. அப்புறம் அந்த ஒரு டப்பா தைரியத்துல மலை ஏறறாங்க.

'சின்னத் துப்பாக்கியா?'ன்னு முகம் சுளிக்கறவங்களுக்கு: சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதுக்காக 1907ல ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக் குடுத்தது .275 ரிக்பி. இன்னிக்குப் பேர்ல 7x57 மவுசர். நம்ம சேலம், தர்மபுரி காடுகள்ல அலைஞ்ச கென்னத் ஆண்டர்சன் வெச்சிருந்தது .405 வின்செஸ்டர், தூரச் சுடலுக்கு லாயக்கில்லாத தோட்டா. ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசு. ரெண்டு பேரும் ஸ்கோப் இல்லாம, பக்கத்துல போய்ச் சுட்டவங்க. அவங்க வேட்டையில துப்பாக்கி கடைசி ரெண்டு நொடி. அதுக்கு முன்னாடி நாள்கணக்கா காலடித் தடமும் காத்துத் திசையும்தான்.

ஸ்கோப்புக்கு வருவோம். எல்க் வெளியில வர்றது விடியற நேரமும் பொழுது சாயற நேரமும். அந்த நேரத்துல உங்க கண்ணுக்கு வேண்டியது வெளிச்சம். முன்கண்ணாடி விட்டத்தைப் பெரிதாக்கத்தால வகுத்தா, கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றையோட அகலம் கிடைக்கும். 3-9x40 ஸ்கோப்பை 6ல வெச்சா 40/6, கிட்டத்தட்ட 6.7 மி.மீ. இருட்டுல விரியற கண்பாப்பாவுக்குப் போதும். 56 மி.மீ. ஸ்கோப்பை 24ல வெச்சா 2.3 மி.மீ.தான். காசு குடுத்து இருட்டை வாங்கறீங்க! அதோட 24ல பார்த்தா 100 கஜத்துல நாலஞ்சு அடி அகலம்தான் தெரியும். மரத்துக்கு நடுவுல எல்க் எங்கன்னு தேடறதுக்குள்ள அது போயிருக்கும். 3ல வெச்சா முப்பது அடிக்கு மேல தெரியும். ஸ்கோப் மேல போடற காசுல பாதியைப் பைனாகுலர் மேல போடுங்க. நாள் முழுக்கப் பார்க்கப் போறது அதுலதான். இன்னொண்ணு, ஸ்கோப் வழியா மிருகத்தைத் தேடறவன், அந்தப் பக்கம் வர்ற மனுஷன் மேலயும் குழலை நீட்டறான்.

600 கஜம்னு சொன்னாங்களே, அங்க குண்டு போய்ச் சேர முக்கால் நொடி ஆகும். அதுக்குள்ள எல்க் ஒரு எட்டு எடுத்து வெச்சா, நுரையீரலுக்குக் குறி வெச்சது வயித்துல. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காத்து ரெண்டடி தள்ளும். மத்தியானம் கடல்காத்து எழும்பினா எங்க ஊர் சவுக்குத்தோப்பு நுனியில ஒரு பக்கம் ஆடும், நடுவுல அசையாம நிக்கும். மலைப் பள்ளத்தாக்குல அந்தக் காத்து நாலு தினுசா திரும்பும். எந்த ஸ்கோப்புல அது தெரியும், சொல்லுங்க?

மரக்காணம் பக்கம், கழுவெளி ஓரத்துல நரிக்குறவர் பெரியவங்க நாட்டுத் துப்பாக்கியோட போனதை நான் சின்ன வயசுல பார்த்திருக்கேன். குழல் வாய் வழியா மருந்து கொட்டி, தேங்காய் நார் அடைச்சு, ரவை போட்டு, கம்பியால இடிச்சு... ஒரே ஒரு வெடி. தப்பினா மறுபடி இடிக்கறதுக்குள்ள பறவை எல்லாம் பாண்டிச்சேரி தாண்டியிருக்கும். அதனால முழங்கால் சேத்துல, காத்துக்கு எதிர்ப்பக்கமா, குனிஞ்சு குனிஞ்சு அரை மணி நேரம் நகருவாங்க. முப்பது அடியில வந்துதான் குழல் நிமிரும். கழுவெளி 2021ல பறவைகள் சரணாலயம் ஆச்சு, 2024ல ராம்சர் பட்டியல்லயும் வந்துடுச்சு. இப்ப அங்க யாரும் சுடக்கூடாது, அது நூத்துக்கு நூறு சரி. ஆனா ஊரே 'குருவிக்காரன்'னு இளக்காரமாப் பேசின அந்த மனுஷங்க கிட்ட இருந்த வேட்டை ஒழுக்கம், ஆயிரக்கணக்குல டாலர் செலவு பண்ணி 600 கஜத்துல படுத்துக்கிட்டு 'முயற்சி' பண்றவங்ககிட்ட இல்ல. அவங்க தூரத்தைக் காலால குறைச்சாங்க. இவங்க கிரெடிட் கார்டால குறைக்கப் பார்க்கறாங்க. குறையாது. அந்த மீதி தூரத்தைக் காயம்பட்ட மிருகம்தான் சுமக்கும்.

"எதுக்குய்யா கொல்லணும்?"னு கேக்கப்போறவங்களுக்கு ஒரு பத்தி. இந்தியாவுல 1972 வனவிலங்குச் சட்டமும் 1991 திருத்தமும் விளையாட்டு வேட்டையை மூடிடுச்சு. அதைத் திறக்கணும்னு நான் சொல்லல. அங்க நிலைமை வேற. அனுமதிச்சீட்டு கணக்குப் போட்டுக் குடுக்கறாங்க. 1937லேர்ந்து ரைஃபிள், தோட்டா மேல போடற 11 சதவீத வரி வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகுது. சுட்ட கறியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடறாங்க. சிக்கன் 65 சாப்பிட்டுக்கிட்டே அவங்களைத் திட்ட என்னால முடியல. ஆனா கொல்ற உரிமை இருக்குன்னா, சுத்தமா கொல்ற கடமையும் இருக்கு. என் சண்டை அதுக்குத்தான்.

தம்பிக்கு நான் எழுதினது இதுதான்:

1. .30-06, .270, 7 மி.மீ.-08, .308 - இதுல தோளுக்குப் பொருந்தறது எதுவானாலும் சரி. கொலராடோ சட்டம் எல்க்குக்குக் கேக்கற குறைந்தபட்சமே .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டுதான். நீ அதுக்கு எவ்வளவோ மேல இருக்க.

2. உள்ள போற குண்டாப் பார்த்து வாங்கு. வேட்டைக்கு எதுவோ, பயிற்சிக் கடைசியிலயும் அதே குண்டு.

3. 3-9x40 போதும். காட்டுல நடக்கும்போது 3ல இருக்கட்டும்.

4. மிச்சக் காசுல தோட்டா, பைனாகுலர், நல்ல ஷூ.

5. சட்டம். ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவுல இருக்கறவங்க அமெரிக்காவுல துப்பாக்கியைத் தொடறதே மத்தியச் சட்டப்படி குத்தம். முறையான வேட்டை லைசென்ஸ் கையில இருந்தா விலக்கு உண்டு. கிரீன் கார்டுக்காரருக்கு இந்தத் தொல்லை இல்ல. குழுவுல இதை ஒருத்தரும் சொல்லல, அதுல பாதிப் பேர் ஹெச்1பி!

மேக்னம் கட்சிக்காரங்க பின்னூட்டத்துல வந்து தாராளமாத் திட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை. எட்டு அங்குலப் பேப்பர் தட்டை நட்டுட்டு, மேஜை இல்லாம, மண்டி போட்டு அஞ்சு குண்டு சுடுங்க. அஞ்சும் தட்டுல பட்ட தூரம் எதுவோ அதுதான் உங்க எல்லை, டப்பாவுல அச்சடிச்ச தூரம் இல்ல. அந்தத் தட்டோட போட்டோவை முதல்ல போட்டுட்டு, அப்புறம் திட்டுங்க.