ரீசெட் பொத்தானும் ஒரு நைட் ஷிப்ட் பலிகடாவும்

மொதல்லயே சொல்லிடறேன், இது ஆணி புடுங்குறதப் பத்தின பதிவு. கவிதை தேடி வந்தவங்க அப்படியே அப்பீட் ஆகிக்கலாம் :-)

என்ன வேலைன்னு கேட்டா 'சாஃப்ட்வேர்'னு சொல்லிட்டு நகந்துடுவேன். உண்மையில தொழிற்சாலை சில்லருக்கு தொடுதிரை வரையறதுதான் என் பொழப்பு. சில்லர்னா வீட்டு ஏசிக்கு பெரியப்பா மாதிரி. 12 டிகிரியில திரும்பி வர்ற தண்ணிய 7 டிகிரி ஆக்கி அனுப்பிக்கிட்டே இருக்கும். பிளாஸ்டிக் மோல்டிங், பால் பண்ணை, ஆஸ்பத்திரின்னு எல்லா இடத்துலயும் ஓரமா ஒரு ரூம்ல கத்திக்கிட்டு கிடக்கும்.

அப்படி ஒரு ஆலையில போன வருஷம் ஒரு சில்லர் செத்துப் போச்சு. எவாப்பரேட்டர் உள்ள தண்ணி உறைஞ்சு, தட்டு விரிஞ்சு, தண்ணி கேஸ் லைன்ல ஏறி கம்ப்ரஸர் வரைக்கும் போயிடுச்சு. லட்சக்கணக்குல செலவு. விசாரணை வச்சாங்க. என் சாஃப்ட்வேர் எழுதின லாக்கை எடுத்தாங்க. நடு ராத்திரி 2 மணிக்கு மேல 7 தடவை ரீசெட் அழுத்தியிருக்கு. அவ்வளவுதான், 'ஆபரேட்டர் தவறு'ன்னு ஒரு வரியில கேஸ் க்ளோஸ். காண்ட்ராக்ட்ல இருந்த அந்த அண்ணனை மறுநாளே வேலைய விட்டு எடுத்துட்டாங்க.

அந்த லாக்கை பிரிண்ட் போட்டுக் குடுத்தது அடியேன்தான்.

லாக்ல அவர் என்ன அழுத்தினாருன்னு இருக்கு. திரை அவருக்கு என்ன காட்டுச்சுன்னு எங்கயும் இல்ல. அதை நான் சொல்றேன், ஏன்னா வரைஞ்சவன் நான்.

அன்னிக்கு தண்ணி லைன்ல ஸ்ட்ரெய்னர் அடைச்சுக்கிச்சு. பம்பு ஓடுது, தண்ணி சரியா போகல. திரையில பம்பு படம் பச்சையா சுத்துது. ஏன்? அந்தப் பச்சைக்கு அர்த்தம் 'பம்பை ஓடச் சொல்லியாச்சு' அப்படிங்கறது மட்டும்தான். தண்ணி ஓடுதான்னு சொல்ல வேண்டிய ஃப்ளோ சுவிட்சோ உப்பு படிஞ்சு 'ஓட்டம் இருக்கு'ங்கற நிலையிலயே ஒட்டிக்கிட்டு நின்னுடுச்சு. வெளியே போற குழாய்ல இருக்குற வெப்பமானி 9 டிகிரின்னு காட்டுது. தண்ணி நகந்தாத்தானே உள்ளே இருக்குற குளிர் அது வரைக்கும் வந்து சேரும்?

உண்மையச் சொல்லிக்கிட்டு இருந்தது ஒரே ஒரு எண்தான், சக்ஷன் பிரஷர். ஆர்-134ஏ கேஸ் இருக்குற மெஷின்ல கேஜ் சுமார் 1.9 பார் காட்டினா உள்ளே கேஸ் கொதிக்கிற வெப்பம் 0 டிகிரி. அதுக்குக் கீழ போய் நின்னா தட்டுல ஐஸ் கட்டும். அந்த எண் திரையில எங்க இருந்துச்சு தெரியுமா? அலாரம் பாப்-அப்புக்கு அடியில! பாப்-அப் வந்ததும் அதை மறைச்சுடும். பாப்-அப்ல 'ஏ-17'னு ஒரு கோடு, பக்கத்துல கட்டைவிரல் சைஸுல பச்சைக் கலர்ல ரீசெட். கோடுக்கு அர்த்தம் இங்கிலீஷ் மேனுவல்ல, மேனுவல் மேனேஜர் பீரோவுல, பீரோ சாவி மேனேஜர் வீட்ல.

ராத்திரி மோல்டிங் லைன் நின்னா காலையில திட்டு யாருக்குன்னு அவருக்குத் தெரியும். பச்சை பொத்தானை அழுத்துனா மெஷின் ஓடுது. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?

இன்னொரு கூத்து. கம்ப்ரஸர் கிளம்பும்போது பிரஷர் கொஞ்சம் கீழ போயிட்டுத்தான் நிலைக்கு வரும். அதனால மொத 2 நிமிஷம் லோ பிரஷரைக் கண்டுக்காதேன்னு புரோகிராம்ல ஒரு சலுகை உண்டு. நியாயமான சலுகைதான். ஆனா ஒவ்வொரு ரீசெட்டுக்கும் அந்த 2 நிமிஷம் புதுசா கிடைக்கும். 7 ரீசெட், 14 நிமிஷம் ஐஸ் கட்ட நாங்களே லைசென்ஸ் குடுத்திருக்கோம். இது ஆபரேட்டர் தவறா?

'சொன்னதை' 'நடந்தது' மாதிரி காட்டுற இந்த வியாதி புதுசு இல்ல. 1979 மார்ச் 28, அமெரிக்காவுல த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை. ஒரு வால்வு மூடாம திறந்தே கிடந்துச்சு. கன்ட்ரோல் ரூம் விளக்கு காட்டினது 'மூடச் சொல்லியாச்சு' என்பதை மட்டும். மூடிடுச்சுன்னு நெனச்சு 2 மணி நேரத்துக்கு மேல உலைக்குத் தேவையான தண்ணி அது வழியாப் போச்சு. உலைல பாதி உருகிடுச்சு. இதை காலேஜ்ல ஒரு வாத்தியாரும் எனக்குச் சொல்லல, நான் வரைஞ்ச பம்பு படமும் அதே விளக்குதான்.

"அப்போ பழைய பேனலே நல்லதுங்கறியா"ன்னு ஆபீஸ்ல ஒருத்தர் கேட்டாரு. இல்லீங்ணா. எலக்ட்ரானிக் கன்ட்ரோல் வந்ததாலதான் லோடுக்கு ஏத்த மாதிரி மெஷின் ஏறி இறங்குது, கரன்ட் மிச்சமாகுது, ஒரு வாரத்து டிரெண்டை ஒரே கிராஃப்ல பாக்க முடியுது. ஆனா பழைய மெஷின்ல பிரஷர் சுவிட்சை ரீசெட் பண்ணனும்னா எந்திரிச்சு மெஷின்கிட்ட போகணும். சுவிட்சுக்கு மேலயே கேஜ் முள்ளு மூஞ்சிக்கு நேரா நிக்கும். குழாய்ல பனி படிஞ்சிருந்தா கண்ணுல படும். நாங்க அந்த நடையை மிச்சப்படுத்திட்டோம்னு பிரவுச்சர்ல பெருமை அடிச்சுக்கிறோம்.

'ஆபரேட்டருக்கு டிரெயினிங் பத்தல' - இதுதான் எங்க வட்டாரத்துல தேசிய கீதம். பேனா பின்பக்கத்தால குத்திக் குத்தி ஓட்டை விழுந்த திரைகளை சைட்டுக்கு சைட்டு பார்த்திருக்கேன். பாஸ்வேர்டு ஸ்டிக்கர்ல எழுதி பேனல் மேலயே ஒட்டியிருக்கும். அதையும் டிரெயினிங்கால சரி பண்ணிடலாம்னு நம்புறவங்க நம்பிக்கட்டும்.

இதைச் சரி பண்ண ராக்கெட் விடவேண்டாம். பம்பு படத்தை கட்டளையோட கட்டாம, உள்ளே வெளியே இருக்குற தண்ணி அழுத்த வித்தியாசத்தோட கட்டு. ட்ரிப் ஆன நொடியில இருந்த எண்களை உறைய வச்சு பாப்-அப்லயே காட்டு. 1 மணி நேரத்துல 3 தடவை லோ பிரஷர் வந்தா ரீசெட்டைப் பூட்டிடு, மெஷின்கிட்ட இருக்குற சாவியத் திருப்பினாத்தான் திறக்கணும். 'தண்ணி ஓட்டம் குறைவு, ஸ்ட்ரெய்னரைப் பார்'னு தமிழ்ல எழுது. பக்கத்துல இந்தியிலயும் எழுது, பாதி ஷிப்ட்ல பீகார் பசங்கதான் நிக்கிறாங்க. பழைய பேனல்ல தமிழ் எழுத்து உடைஞ்சு வருதா? படமா ஒட்டு. ஃப்ளெக்ஸ் போர்டுக்கு பண்றதை இதுக்குப் பண்ண முடியாதா?

எஸ்டிமேட் போட்டேன், 4 நாள் வேலை, அழுத்த வித்தியாசம் பாக்குற சென்ஸர் ஒண்ணு. 'கஸ்டமர் கேக்கலையே'ன்னு பதில் வந்துச்சு.

அந்த அண்ணனுக்குப் போன் போட்டேன். "விடுங்க தம்பி, நானும் கொஞ்சம் எந்திரிச்சுப் போய் பாத்திருக்கலாம்"னாரு. எனக்குத்தான் தொண்டை அடைச்சுக்கிச்சு. லாக்கோட எந்த நிமிஷத்துல திரை எதை மறைச்சுதுன்னு ஒரு பக்கம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்டோட அந்த விசாரணைக் குழுவுக்கு நேத்து மெயில் தட்டிட்டேன். சிசில எங்க மேனேஜர்.

டிஸ்கி: அடுத்த பதிவு வர லேட்டானா வேற வேலை தேடிக்கிட்டு இருக்கேன்னு அர்த்தம். பேனல் வரையிற சக பொட்டிதட்டிகள் யாராச்சும் இருந்தா, உங்க பம்பு படம் எதோட கட்டியிருக்குன்னு பாத்துட்டு பின்னூட்டத்துல சொல்லுங்க.