ஹாங்காங்: சட்டம் தேடித்தந்த மதிப்பும் அதன் சரிவும்

மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஓர் அரசாங்கத்தை அந்த மக்களே ஏற்றுக்கொள்ளச் செய்வது எது? ஹாங்காங்கின் கடந்த அரை நூற்றாண்டு வரலாறு இந்தக் கேள்விக்குத் தெளிவான பதிலைத் தருகிறது. சட்டம் பெரியவர், சிறியவர் என்று பாராமல் செயல்படுகிறது என மக்கள் நம்பிய காலத்தில் அங்கு அரசின் அதிகாரம் வலுப்பெற்றது. அந்த நம்பிக்கை தளர்ந்தபோது அதே அதிகாரம் வீதிகளில் கேள்விக்குள்ளானது.

1970களின் தொடக்கத்தில், பிரிட்டிஷ் காலனியாக இருந்த ஹாங்காங்கில் லஞ்சம் அன்றாட வாழ்க்கையின் ஒரு பகுதியாகவே இருந்தது. எரியும் வீட்டின் முன் தண்ணீரைத் திறந்துவிடுவதற்குத் தீயணைப்புப் படையினர் பணம் கேட்டனர். நோயாளியை ஏற்றிச்செல்ல ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு 'தேநீர்க் காசு' கொடுக்க வேண்டியிருந்தது. சூதாட்ட விடுதிகளும் போதைப்பொருள் வியாபாரிகளும் காவல்துறையினருக்கு மாமூல் செலுத்திவந்தனர்.

சட்டம் இல்லாத நிலை அங்கு இருக்கவில்லை. வருமானத்துக்கு மீறிய சொத்துக்கு அரசு ஊழியர் விளக்கம் தரத் தவறினால் அதுவே குற்றம் என்று கூறும் கடுமையான லஞ்சத் தடுப்புச் சட்டம் 1971இல் நடைமுறைக்கு வந்திருந்தது. ஆனால், ஊழலை விசாரிக்கும் பிரிவு காவல்துறைக்கு உள்ளேயே இயங்கியது. தன்னைத் தானே விசாரித்துக்கொள்ளும் ஓர் அமைப்பிடம் புகார் கொடுக்க எவரும் துணியவில்லை.

தப்பியோடிய அதிகாரி

பீட்டர் காட்பர் என்ற பிரிட்டிஷ் காவல்துறை உயரதிகாரியிடம் 43 லட்சம் ஹாங்காங் டாலர்களுக்கும் அதிகமான சொத்து இருப்பது 1973இல் கண்டுபிடிக்கப்பட்டது. விளக்கம் அளிக்க அவருக்கு ஒரு வார அவகாசம் தரப்பட்டது. அந்த அவகாசம் முடிவதற்குள், காவல்துறை அனுமதி அட்டையைக் காட்டி விமான நிலையச் சோதனைகளைக் கடந்து, சிங்கப்பூர் வழியாக அவர் பிரிட்டனுக்குச் சென்றுவிட்டார்.

மக்கள் வீதிக்கு வந்தனர். ஆளுநர் மர்ரே மக்லஹோஸ், மூத்த நீதிபதி அலஸ்டர் பிளேர்-கெர் தலைமையில் உடனடியாக விசாரணை ஆணையம் ஒன்றை அமைத்தார். ஊழல் விசாரணையைக் காவல்துறையிடமிருந்து பிரித்து, ஆளுநருக்கு மட்டுமே பதிலளிக்கும் சுயாதீன ஊழல் தடுப்பு ஆணையம் 1974 பிப்ரவரியில் உருவாக்கப்பட்டது. 1975இல் காட்பர் பிரிட்டனிலிருந்து கொண்டுவரப்பட்டு, 4 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். வெள்ளைக்கார அதிகாரியாக இருந்தாலும் சட்டம் விடாது என்பதை மக்கள் முதன்முறையாகக் கண்ணால் கண்டார்கள்.

கலகமும் பொதுமன்னிப்பும்

உண்மையான சோதனை 1977இல் வந்தது. தொடர்ந்த கைதுகளால் ஆத்திரமடைந்த காவல்துறையினர் அக்டோபர் 28ஆம் தேதி ஆர்ப்பாட்டம் நடத்தினர். அவர்களில் சிலர் ஆணையத்தின் அலுவலகத்துக்குள் புகுந்து அங்கிருந்த ஊழியர்களைத் தாக்கினர். சட்டத்தைக் காக்க வேண்டிய படையே அரசுக்கு எதிராகத் திரும்பும் அபாயம் எழுந்தது.

1977 ஜனவரி 1ஆம் தேதிக்கு முந்தைய ஊழல் குற்றங்கள் பொதுவாகத் தொடரப்பட மாட்டா என்று மக்லஹோஸ் அறிவித்தார். ஏற்கனவே பிடியாணை பிறப்பிக்கப்பட்டவர்களுக்கும் வெளிநாட்டுக்குத் தப்பியவர்களுக்கும் இச்சலுகை கிடைக்கவில்லை. மிரட்டலுக்குச் சட்டம் பணிந்துவிட்டது என்ற விமர்சனம் எழுந்தது. அதில் நியாயம் இல்லாமலில்லை. லஞ்சத்தில் கொழுத்த பலர் இதனால் தப்பினர். ஆனால், சலுகைக்கான எல்லை பகிரங்கமாக வரையறுக்கப்பட்டது. அந்தத் தேதிக்குப் பின்னர் நடந்த குற்றங்களில் தயவு காட்டப்படவில்லை. காலப்போக்கில் கூட்டாக மாமூல் வசூலிக்கும் முறை மறைந்தது.

1997இல் ஹாங்காங் சீனாவின் இறைமைக்குள் வந்த பின்னரும் ஆணையம் நீடித்தது. அரசின் முன்னாள் தலைமைச் செயலர் ரஃபேல் ஹுய்க்கு 2014இல் ஏழரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. முன்னாள் ஆட்சித் தலைவர் டொனால்ட் சாங் 2017இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். 2019இல் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் மீதான தீர்ப்பை ரத்து செய்தது. பதவியின் உயரம் தண்டனைக்கும் தடையாகவில்லை, விடுதலைக்கும் தடையாகவில்லை.

மலேசிய அனுபவம்

ஹாங்காங் ஆணையத்தை முன்மாதிரியாகக் கொண்டு மலேசியாவும் 2009இல் ஓர் ஆணையத்தை அமைத்தது. ஆனால், 1எம்டிபி நிதி விவகார விசாரணை நடந்துகொண்டிருந்த 2015இல் அரசின் தலைமை வழக்கறிஞர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். அப்போதைய பிரதமர் நஜிப் ரசாக் குற்றம் செய்யவில்லை என்று அவருக்கு அடுத்து வந்தவர் 2016இல் அறிவித்தார். 2018 தேர்தலில் நஜிப் தோற்ற பின்னரே அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. 2022இல் சிறை சென்றார். அமைப்பை இரவல் வாங்கலாம், ஆட்சியில் இருப்பவர் மீதும் அதைச் செயல்பட விடும் துணிவை இரவல் வாங்க முடியாது என்பதை இது காட்டுகிறது.

அமைதியும் ஏற்பும்

அந்தத் துணிவு ஹாங்காங்கிலும் நிலைக்கவில்லை என்பதே 2019 போராட்டக்காரர்களின் குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஜூலை 21ஆம் தேதி யுன் லாங் ரயில் நிலையத்தில் வெள்ளைச் சட்டை அணிந்த கும்பல் பயணிகளைத் தாக்கியபோது காவல்துறை தாமதமாக வந்தது, பலருடைய நம்பிக்கையைச் சிதைத்தது. காவல்துறையின் நடத்தை பற்றிச் சுயாதீன விசாரணை ஆணையம் வேண்டும் என்பது போராட்டக்காரர்களின் 5 முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 1973இல் காலனி அரசு செய்ததையே அவர்கள் கேட்டனர். அரசு அதை ஏற்கவில்லை.

2020 ஜூனில் தேசியப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்ட பின்னர் வீதிகள் அமைதியாயின. ஸ்திரத்தன்மை திரும்பிவிட்டதாக ஹாங்காங் மற்றும் சீன அரசுகள் கூறுகின்றன. அது அச்சத்தால் வந்த மௌனம் என்கின்றனர் விமர்சகர்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால், 1970களில் அரசைப் பலப்படுத்தியது வெறும் அமைதி அல்ல. சாதாரணக் குடிமகன் ஒருவர் தம்முடைய பெயரைச் சொல்லி, அதிகாரி ஒருவர் மீது புகார் கொடுக்கத் துணிந்ததே அந்த அரசின் உண்மையான பலம்.