கிழங்கும் மீனும்

நாஞ்சில் நாடு நெல் விளையும் நாடு என்பதைப் பலரும் அறிவர். பழையாற்றின் நீரும் பேச்சிப்பாறை அணையின் நீரும் பாயும் வயல்களைக் கண்டவர், குமரி மாவட்டத்தில் பசிக்கு இடமேது என்று எண்ணுவர். ஆயினும் அதன் மேற்கே கல்குளம், விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலங்களில் ஏழை மக்களின் வயிற்றைப் பல தலைமுறையாக நிரப்பியது நெல்லன்று. மரச்சீனிக் கிழங்கே ஆகும்.

மரச்சீனி தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் அதனைத் தம் நாட்டில் பரப்பினார். குமரிப் பகுதியும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்தது. 1942ஆம் ஆண்டில் பர்மா சப்பானியர் வசமாகி, அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, எண்ணற்ற குடும்பங்களின் உயிரைக் காத்தது இக்கிழங்கே. அந்நன்றி மறக்கற்பாலதன்று.

எனினும் வயிறு நிறைதல் வேறு; உடல் வளர்தல் வேறு. தசையையும் குருதியையும் ஆக்குவதும், தேய்ந்ததைப் புதுப்பிப்பதும், நோயை எதிர்க்கும் ஆற்றலைத் தருவதும் புரதம் என்னும் சத்தாகும். 1838ஆம் ஆண்டில் முல்தர் என்னும் நெதர்லாந்து அறிஞர், ‘முதன்மையானது’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரிட்டார், பொருத்தமான பெயரே. அரைக் கிலோ மரச்சீனியை உண்டாலும் அதிற் கிடைக்கும் புரதம் 6, 7 கிராமுக்கு மேற்படாது. ஐம்பது கிலோ எடையுள்ளவருக்கோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 40 கிராம் வேண்டும்.

மாவுணவை மட்டுமே உண்டு வளரும் குழந்தையின் நிலை யாது? ஆப்பிரிக்காவில் இன்று கானா எனப்படும் நாட்டில், தாய்ப்பால் மறந்து மக்காச்சோளக் கூழை உண்ட குழந்தைகளின் கைகால்கள் வீங்குவதைச் சிசிலி வில்லியம்சு என்னும் மருத்துவ அம்மையார் கண்டு 1933இல் எழுதினார். அடுத்த குழந்தை பிறந்தபின் மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்னும் பொருளில் அவ்வூர்த் தாய்மார் அதனைக் ‘குவாசியார்க்கர்’ என்றனர். புரதக் குறையோடு வேறு காரணங்களும் அதற்கு உண்டெனப் பின்வந்தோர் கூறுவர். ஆயினும் கூழ் மட்டும் போதாது என்பதில் ஐயமில்லை.

குமரி மக்கள் கிழங்கைத் தனியே உண்டாரல்லர். குளச்சலிலும் முட்டத்திலும் கரையேறிய சாளையும் நெத்திலியும் அதற்குத் துணையாயின. 100 கிராம் சாளையில் ஏறத்தாழ 18 கிராம் புரதம் உண்டு. மீன் உண்ணாதார் கஞ்சியோடு சிறுபயற்றையும், காணம் எனப்படும் கொள்ளையும் சேர்த்தனர். புரதத்தின் உறுப்புகளாகிய அமினோ அமிலங்களுள் அரிசியில் குறைவது பயற்றில் மிகுதி. பயற்றில் குறைவது அரிசியில் உண்டு. இந்நுட்பத்தை எவ்வேட்டிலும் படியாமலே நம் பாட்டியர் கஞ்சியையும் பயற்றையும் ஒரே கலத்தில் சேர்த்துவிட்டனர். அடைத்து விற்கும் புரதப் பொடியை மிகு விலை கொடுத்து வாங்குவோர், சாளையை மலிந்த மீனென இகழ்வது நகைப்புக்குரியது.

ஆனால் அம்மரபில் ஒரு குறையும் உண்டு. சட்டியிலுள்ள மீன் துண்டம் முதலில் தந்தைக்கும் அடுத்து ஆண்மக்களுக்கும் செல்லும். இறுதியில் உண்ணும் தாய்க்கும் மகளுக்கும் எஞ்சுவது பெரும்பாலும் குழம்பும் கிழங்குமே. கருவுற்ற தாய்க்குக் கடைசி மாதங்களில் நாள்தோறும் 22 கிராம் புரதம் மிகுதியாக வேண்டும் என மருத்துவ நூலார் கணக்கிட்டுள்ளனர். யாருக்கு மிகுதியாக வேண்டுமோ அவருக்கே குறைவாகப் பரிமாறுவது எவ்வகை முறை? இதனை வறுமையின் மேல் ஏற்றிச் சொல்வது பொருந்தாது. மீன் வாங்க இயன்ற வீட்டிலும் இவ்வழக்கம் உண்டு.

தமிழகப் பள்ளிகளில் 1956இல் காமராசர் காலத்தில் தொடங்கிய மதிய உணவில், 1989ஆம் ஆண்டு முட்டையும் சேர்ந்தது. அங்கே வரிசையில் முன்னே நிற்கும் மாணவனுக்கும் பின்னே நிற்கும் மாணவிக்கும் வழங்கப்படுவது ஒரே அளவு. அம்மாணவியே மாலையில் வீடு திரும்பி, தம்பி உண்டு முடிக்கும்வரை அடுக்களை வாயிலில் காத்திருக்கிறாள்.