பாருக்குள் துப்பாக்கி: சட்டம் சொல்வது என்ன?

லைசென்ஸ் உள்ள துப்பாக்கியை இடுப்பில் மறைத்துக்கொண்டு ஒருவர் பாருக்குள் போகலாமா? அமெரிக்காவில் இதற்கு மாநிலத்துக்கு மாநிலம் பதில் மாறும். டென்னசி மாநிலம் 2009இல் மது விற்கும் உணவகங்களுக்குள் துப்பாக்கியை அனுமதித்தது. எடுத்து வருபவர் குடிக்கக் கூடாது என்றது. இந்தியாவில் துப்பாக்கி யாருக்கும் பிறப்புரிமை அல்ல. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தேவை என்ன என்று விசாரித்துத் தரப்படும் அனுமதி அது.

தருமபுரி மாவட்டத்தில் பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கம் காட்டோரம் வெள்ளாமை செய்பவர்களுக்கு இது புரியும். பயிர்க்காவலுக்காகக் கரிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தர அச்சட்டத்தின் 13ஆம் பிரிவு இடமளிக்கிறது. பன்றியை விரட்டக் கொடுத்த துப்பாக்கிக்கு டாஸ்மாக் பாரில் என்ன வேலை?

குழப்பம் வேறோர் இடத்தில் வருகிறது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், பொது இடத்தில் துப்பாக்கியை உறையிலிட்டு முழுக்க மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்கின்றன. "மறைத்து வைத்தால் எங்கும் போகலாம்" என்று இதைப் படிப்பது தவறு. பிறரை மிரட்டாமல் இருக்கத்தான் அந்த விதி; துப்பாக்கியைத் தூக்கிக் காட்டுவதையும் கொண்டாட்டத்தில் சுடுவதையும் அதுவே தடுக்கிறது. அப்படிச் சுட்டு உயிருக்கு ஆபத்து விளைவித்தால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று 2019 திருத்தம் சொல்கிறது. லைசென்ஸ் கேட்பவர் போதைக்கு அடிமையல்ல என்று மருத்துவர் சான்று தர வேண்டும் என்பதும் விதி. குடியையும் துப்பாக்கியையும் சேரவிடக் கூடாது என்ற எண்ணம் அதில் தெளிவாகவே இருக்கிறது.

"சண்டை நடக்கும் இடத்தில்தானே தற்காப்பு வேண்டும்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பார் சண்டையில் பக்கத்து மேசைக்காரர் விலக்கிவிட நேரம் இருக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைத் தராது. 1999 ஏப்ரலில் டெல்லி மெஹ்ரோலியில் நடந்த விருந்தில், இனி மது இல்லை என்று சொன்னதற்காக, மது பரிமாறிய ஜெசிகா லால் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்ட மனு சர்மாவின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதிசெய்ய 2010 ஆயிற்று. தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகத் தீங்கு செய்யவும் சட்டம் அனுமதிக்காது. தானாகக் குடித்தவனுக்குப் போதை சாக்காகவும் ஆகாது.

தருமபுரியில் நான் அதிகம் அஞ்சுவது பாருக்குப் போகும் துப்பாக்கியை அல்ல, துப்பாக்கி இருக்கும் இடத்துக்குப் போகும் பாட்டிலை. லைசென்ஸ் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளைக் காவல்துறையும் வனத்துறையும் இங்கே பறிமுதல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. அப்படி ஒன்றை வைத்திருந்தாலே குறைந்தது 2 ஆண்டு, அதிகம் 5 ஆண்டு சிறை. இரவுக் காவலில் குடித்தவர் கண்ணுக்கு, இருட்டில் அசைவது பன்றியா, பக்கத்துக் காட்டுக்காரரா என்று எப்படித் தெரியும்?

பன்றித் தொல்லைக்குத் தீர்வாக, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடும் என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தது. காட்டை ஒட்டிய கொல்லைக்காரருக்கு அது பயன்படாது. பயிர் இழப்பீடு அவருக்குத் தாமதமின்றிக் கிடைத்தால்தான், கள்ளத் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லும் வேண்டுகோளுக்கு அவர் காது கொடுப்பார்.