குடிபெயரும் ஏடுகள்

ஒரு கருவியையோ மென்பொருளையோ ஆக்கப் புகுவோர், அஃது இன்னின்ன செய்தல் வேண்டும், இன்னின்ன செய்யலாகாது என முன்னரே எழுதி வைப்பர். அவ்வெழுத்திற்குத் தேவைக் குறிப்பு என்று பெயர். சிறு தொழிலுக்குச் சில பக்கங்கள் போதும். விமானத்திற்கும் மருத்துவக் கருவிக்கும் அவை ஆயிரக்கணக்காகப் பெருகும். ஒவ்வொரு தேவையும் எதினின்று பிறந்தது, எச்சோதனையால் மெய்ப்பிக்கப்பட்டது என்னும் தொடர்பையும் உடன் காத்தல் வேண்டும். மருத்துவக் கருவிகளின் மென்பொருளுக்குரிய ஐ.இ.சி. 62304 என்னும் தரவிதி இத்தொடர்பை வற்புறுத்துகின்றது. இவற்றைப் பேணுதற்கே டோர்ஸ் முதலிய மென்பொருள்கள் எழுந்தன. அட்லாசியன் நிறுவனத்தாரின் ஜிராவோடு துணைச் செயலிகளைச் சேர்த்து இப்பணிக்குப் பயன்படுத்துவோரும் பலர்.

நிற்க. இவ்வேடுகள் இந்நாளில் வீடு மாறுகின்றன. முன்னர் ஒவ்வொரு நிறுவனமும் தன் சொந்தச் சர்வரிலே அவற்றை வைத்துக் காத்தது. இப்பொழுதோ ஆக்கியோரே நடத்தும் கிளவுடிற்கு அவை பெயர்கின்றன. ஜிராவின் சர்வர் பதிப்பிற்குரிய ஆதரவு 2024 பிப்ரவரி 15இல் முடிவுற்றது. எஞ்சிய டேட்டா சென்டர் பதிப்பும் 2029 மார்ச் 28இல் முடிவுறும் என்று அந்நிறுவனத்தார் 2025 செப்டம்பரில் அறிவித்தனர். ஆதலின் எவ்வாறு குடிபெயர்வது என்னும் வினா இனிப் பலர்க்கும் எழுவதாம்.

இதுபற்றி இரு கொள்கைகள் வழங்குகின்றன. உள்ளதனைத்தையும் உள்ளவாறே கொண்டு செல்க என்பர் ஒரு சாரார். பழையன கழித்துப் புதிதாய்த் தொடங்குக என்பர் மற்றொரு சாரார். இரண்டும் பொருந்தா என்பதே நம் துணிபு.

முதற்கண், பெயர்வன யாவை என அறிதல் வேண்டும். குறிப்புகள் பெயர்தல் எளிது. அவற்றை ஆளும் அமைப்புகள் பெயர்தலே அரிது. தேவைகளை எத்தனை வகையாகப் பிரிப்பது, வரைவு எப்படிகளைக் கடந்து ஒப்புதல் பெறுவது, ஒப்புதல் வழங்க உரியார் யாவர், ஒரு தேவை மற்றொன்றோடு எவ்வுறவால் இணைவது என்பனவெல்லாம் அமைப்புகளாம். ஜிராவில் ஒவ்வொரு குறிப்பின் அடையாளக் குறியும் மாறாது வரும். ஆயினும் உள்ளிருக்கும் தனிப்புலங்கள் கிளவுடிலே புதிய எண்களைப் பெறும். பழைய எண்ணைச் சுட்டி எழுதிய கட்டளை பொருளற்றுப் போகும். துணைச் செயலிகள் முன்னர்ச் சர்வரின் உள்ளேயே வாழ்ந்தன. கிளவுடிலோ புறத்தே நின்று, திறந்துவிட்ட வாயில்கள் வழியே மட்டும் பேசும். ஆதலின் அவற்றின் செய்திகளை அவற்றவற்றை ஆக்கியோர் வகுத்த வழியிலே தனியே கொண்டு செல்லல் வேண்டும்.

இதன்கண் உள்ள இடர் யாதெனின், இழப்பு கண்ணுக்குப் புலனாகாமையே. 'உயிர்காப்புத் தேவை எதுவும் இருவர் ஒப்புதலின்றி நிறைவேறலாகாது' என்றொரு விதி பழைய சர்வரில் இருந்ததெனக் கொள்வோம். பெயர்ச்சியில் அது விடுபட்டால் பக்கம் திறக்கும், குறிப்புத் தோன்றும், பிழையென எச்சரிக்கை எதுவும் வாராது. இருவர் காத்த வாயிலை இனி ஒருவரே கடப்பர், அவ்வளவே. அதன் விளைவை நோயாளியின் படுக்கையருகே அறிதல் கொடிது.

உள்ளவாறே கொண்டு செல்வாரை ஒரு நிகழ்ச்சியை நினைக்க வேண்டுகின்றோம். 1996 ஜூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஏரியன் 5 என்னும் ஏவூர்தி, முதன்முறை எழுந்து ஒரு நிமிடமும் கழியாமுன் சிதறியது. அதன் திசையறி கருவியின் மென்பொருள் ஏரியன் 4இலிருந்து கொணரப்பட்டது. புதிய ஊர்தியின் கிடைவேகம் பழையதினும் மிகுதி. ஆகவே 16 பிட் அளவில் அடங்காத எண்ணொன்று எழுந்து கருவி செயலிழந்தது. அவ்வெண்ணைக் கணித்த பகுதியோ, புறப்பட்ட பின்னர் ஏரியன் 5இற்கு வேண்டாதது. பழைய ஊர்தியின் தேவையொன்று, காரணம் ஆராயப்படாது உடன்வந்தமையால் விளைந்த கேடு இது.

பழையன அனைத்தும் கழிப்பாரோ, கழிவது இன்னதென அறியாமலே கழிக்கின்றனர். ஓர் அமைப்பை ஆக்கியவர் வேலை விட்டுச் சென்றிருக்கலாம். அவர் கண்ட தவற்றின் நினைவு அவ்வமைப்பிலேயே எஞ்சியிருக்கும். ஏட்டுச்சுவடியை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர், விளங்காத பாடத்தை விளங்காமை கருதியே நீக்குவாரல்லர், காரணம் தேடுவர். தமிழ் பயில்வார்க்கு இம்முறை புதிதன்று.

ஆக்கியோரே காத்துக்கொள்வர், நமக்கேன் கவலை என்பாரும் உளர். திருத்தங்களை உடனுக்குடன் இடுதலும், சர்வரைப் பேணும் சுமையை நீக்குதலும் கிளவுடின் நன்மைகளே. ஆள்வலி குன்றிய சிறு நிறுவனத்திற்கு இவை பெருந்துணையாம். ஆயினும் 2022 ஏப்ரலில் அட்லாசியன் நிறுவனத்தார் பழைய செயலியொன்றை நீக்க முயன்றபோது, செயலியின் அடையாள எண் நிற்கவேண்டிய இடத்தில் வாடிக்கையாளரின் முழுத்தளத்தின் எண் நின்றது. 775 வாடிக்கையாளர் தம் தளங்களை இழந்தனர். சிலர்க்கு அவை மீளப் பதினான்கு நாள் வரை சென்றது. காவலை ஒப்படைக்கலாம், பொறுப்பை ஒப்படைக்கலாகாது.

ஆதலின் நாம் வேண்டுவன இவை. பெயருமுன் ஒவ்வோர் அமைப்பையும் அதன் காரணத்தோடு எழுதுக. காரணம் அறிந்தவர் இன்னும் பணியில் இருக்கும்போதே கேட்டு எழுதுக. காரணம் ஒழிந்ததை அறிந்தே விடுக. நிலைத்ததைக் கொண்டு செல்க. ஒரு சிறு பகுதியை முதலிற் பெயர்த்து, ஒப்புதல் உரிமையில்லாத ஒருவரைக்கொண்டு ஒப்புதல் வழங்க முயலச்செய்து, வாயில் அடைபடுகின்றதா எனக் காண்க. பழைய ஏட்டைத் திருத்தவொண்ணாதவாறு பூட்டிச் சில காலம் பக்கத்தே வைத்துக்கொள்க.

இவற்றிற்குக் காலமும் பொருளும் செலவாகும் என்பது மெய்யே. முடிவுநாள் முன்னரே அறிவிக்கப்பட்டிருத்தலின் காலம் இல்லை என்பார் கூற்று நில்லாது. காரணத்தை எழுதி வைத்த ஏடே எவ்வீடு புகினும் பயன் தரும்.